அருளையாவின் வேம்பும் மேற்குச் சுவரும்

1. அன்று நின்றவர்கள்

ரீச்சர். வீட்டுக்காரி. படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

நடராசா அண்ணை. ரீச்சரின் கணவர். சில்லுக் கதிரையில் இருந்தார்.

அகல்யா. ரீச்சரின் தம்பி மகள். வீட்டுக்குப் பிளான் கீறியவள்.

அருளையா. பக்கத்து வளவுக்காரர். வேம்பு அவருடையது.

மரம் வெட்டுகிறவன். மரம் அறுக்கிற மெஷினோடு வந்தவன். பெயர் கேட்கவில்லை.

நான். மேசன். தாசன் என்று கூப்பிடுவார்கள். ஊர் குருநகர். வேலை நடந்தது கொக்குவிலில்.

புரட்டாதி மாதம். மழை தொடங்கவில்லை. மேற்குச் சுவர், கதவு யன்னலுக்கு மேல் வருகிற லின்ரல் மட்டத்துக்கு வந்துவிட்டது. சாந்து குழைத்து வைத்திருந்தேன். கல் வைக்க மனம் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டுகிறவன் மெஷினை ஸ்ராட் பண்ணக் கயிற்றை இழுத்தான். பிடிக்கவில்லை. திரும்ப இழுத்தான். பிடிக்கவில்லை. ஒவ்வொரு இழுவைக்கும் அகல்யா கண்ணை மூடித் திறந்தாள்.

"தாசன், சாந்து இறுகப்போகுது" என்றார் ரீச்சர். மரத்தின் பக்கம் திரும்பவில்லை.

அந்த மரம் போனால் என்ன போகும் என்று விளங்க, முதலில் பழைய அறையைச் சொல்ல வேண்டும்.

2. பழைய அறை

இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அவசரத்தில் கட்டிய வீடு. மேலே அஸ்பெஸ்டஸ் சீற். சுவர் ஒற்றைக் கல். அதில் மேற்கு அறையில்தான் நடராசா அண்ணை கிடந்தார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. இடக்கையும் மடியை விட்டு எழும்பாது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு சொல். "ஓம்." சாப்பிட்டீங்களோ? ஓம். சாப்பிடேல்லையோ? ஓம்.

வேலை கதைக்கப் போன அன்று பின்னேரம் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன். அடுப்படிச் சுவர் மாதிரி. வெயில் இறங்கிவிட்டது. சுவரின் சூடு இறங்கவில்லை.

போன சித்திரையில் கறண்ட் போயிருக்கிறது. ஏசி நின்றுவிட்டது. வேர்த்தாலாவது உடம்பு ஆறும், அவருக்கு வேர்க்கவில்லை. உடம்பு நெருப்பாகி, நினைவு தப்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள். இன்னொரு தரம் இப்படி வந்தால் தாங்க மாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"மாமா ஏசி இல்லாமல் படுக்கக்கூடிய ஒரு அறை வேணும் அங்கிள்" என்றாள் அகல்யா. "கறண்ட் இருந்தாலும் ஒண்டுதான், போனாலும் ஒண்டுதான். அப்பிடி ஒரு அறை. அடுத்த சித்திரைக்கு முதல்."

அதே வளவில் புதிதாகக் கட்ட வேண்டியது அதுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

3. தடி

அகல்யா வளவின் நடுவில் ஒரு தடியை நட்டாள். காலையிலிருந்து மாலை வரை அதன் நிழல் போகிற இடமெல்லாம் சின்னக் கல் வைத்தாள். எனக்குச் சிரிப்பு.

"என்ன பிள்ளை, கிட்டி அடிக்கப் போறியளோ?"

"வெயிலிட்டைப் பிளான் கேக்கிறன் அங்கிள்."

அவள் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். வேலை பழகுகிற பிள்ளைகள் கவனியுங்கள்.

ஆனி ஆடியில் வெயில் வடக்கால் வரும். மார்கழியில் தெற்கால் வரும். இரண்டும் உயரத்தில் நின்று அடிக்கிற வெயில். கூரையை மூன்றடி வெளியே நீட்டினால் சுவரில் விழாது. அதனால் வீட்டின் நீளப் பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். யன்னல் எல்லாம் அந்த இரண்டு பக்கமும். தென்மேற்கால் வீசுகிற சோளகக் காற்று தெற்கு யன்னலால் வந்து வடக்கால் போகும். முகட்டுக்குக் கீழே ஓட்டைக் கல் வைத்தால் சூடு மேலால் போகும்.

"ஓட்டை வைச்சால் நுளம்பு வராதோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"வலை அடிப்பம் மாமி."

கிழக்கும் மேற்கும்தான் கஷ்டம். அந்த வெயில் சரிந்து வரும். கூரையை எவ்வளவு நீட்டினாலும் கீழால் புகுந்துவிடும். சுவர் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து, இருட்டின பிறகு உள்ளே விடும். ஆகையால் மேற்கில் யன்னல் இல்லை. கல்லை இரட்டையாக வைத்து நடுவில் மூன்று அங்குலம் இடைவெளி. வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு.

நோயாளியின் அறையைக் கிழக்கில் வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் பக்கம் சைவ ஆட்கள் நிலையம் எடுக்காமல் அத்திவாரம் வெட்ட மாட்டார்கள். எந்த அறை எந்த மூலை என்று நிலையம் எடுக்கிறவர்தான் சொல்வார். அவர் வந்து, வீட்டுக்குப் பெரியவரின் அறை தென்மேற்கு மூலை என்று ஆப்பு அடித்துவிட்டுப் போய்விட்டார். ரீச்சர் அதில் ஓர் அங்குலம் அசைய மாட்டார். நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன். எனக்கு வாயில்லை.

அகல்யா கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து நின்றாள். பிறகு மதிலுக்கு மேலால் பார்த்தாள். அருளையாவின் வேம்பு நின்றது. நல்ல கிழட்டு மரம். பெரிய கொப்பு ஒன்று எங்கள் பக்கம் நீண்டிருந்தது. பகல் சாயத் தொடங்கியதும் அதன் நிழல் தென்மேற்கு மூலையில் விழுந்தது. போகப் போக முழு மரத்தின் நிழலும் வந்து மூடியது.

"உதுதான் எங்கடை ஏசி" என்றாள்.

பிளானில் மரத்தைப் பச்சையால் கீறினாள். மதில் கோட்டையும் கீறினாள். மரம் கோட்டுக்கு அந்தப் பக்கம். அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் ஒன்றும் யோசிக்கவில்லை.

4. முறைப்பாடு

சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தபோது கிராம அலுவலர், எங்கள் விதானையார், சைக்கிளில் வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"ரீச்சர், உங்கடை அலுவல் சரி. ஒரு மாதத்துக்குள்ளை அருளையர் கொப்பை வெட்டவேணும் எண்டு பிரதேச சபையாலை கடிதம் போட்டாச்சு."

ரீச்சர் மதிலுக்கு மேலால் வேம்பைப் பார்த்தார்.

முன்னொரு காலம் வேம்பிலை ரீச்சர் வீட்டுக் கிணற்றில் விழுந்து தண்ணீர் கைக்கிறது என்று சண்டை. "இலைக்கு நான் கயிறு கட்டி வைச்சிருக்கேலாது ரீச்சர்" என்று அருளையா சொல்ல, "உங்களைக் கயிறு கட்டி அடக்க ஆளில்லாமல்தான் உந்த வாய்" என்று ரீச்சர் சொல்ல, இருவருக்கும் கதை பேச்சு நின்றுவிட்டது. ரீச்சர் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். கொடுத்ததை மறந்தும்விட்டார். அது ஒவ்வொரு மேசையாகப் படுத்தெழும்பி, மரம் தேவைப்படுகிற நேரம் பார்த்து வந்து சேர்ந்தது.

அருளையாவுக்குக் கோபம். மதிலுக்கு மேலால் எனக்குச் சொன்னார். கேட்க வேண்டியது நான் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"கொப்பு மட்டும் ஏன் தாசன்? அடியோடை தாறன். பிறகு ஒரு இலை விழுந்தாலும் நான் பொறுப்பில்லை எண்டு சொல்லு."

அகல்யா ரீச்சரைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, மரம் போனால் இரட்டைச் சுவரும் காணாது. மாமான்ரை அறை திரும்பவும் பழைய அறைதான். போய் ஒருக்காக் கேளுங்கோ."

"ஆர், நானோ? உவரிட்டையோ?"

"அப்ப நான் கேக்கிறன்."

"நீ என்ரை தம்பியின்ரை மோள். நீ கேட்டால் நான் கேட்ட மாதிரி. கேக்கக்கூடாது."

அந்தக் கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வைத்த கல்லை எடுத்துத் திரும்ப வைத்தேன். நூல் சரியாகத்தான் இருந்தது. மனம்தான் மட்டத்தில் நிற்கவில்லை. எழும்புகிற சுவர் யாருக்கும் உதவாது என்று தெரிந்துகொண்டு கட்டுவது கஷ்டம்.

5. ஓம்

மெஷின் வந்த அன்றைக்குத் திரும்பி வருகிறேன். பகல் சாயத் தொடங்கியிருந்தது.

மெஷின் பிடித்துவிட்டது. வளவு முழுக்கச் சத்தம். அவன் ஏணியில் ஏறி, எங்கள் பக்கம் நீண்ட கொப்பில் முதலில் மெஷினை வைத்தான். கொப்பு மதிலில் மோதி, எங்கள் சாரத்தில் ஒரு தடியை முறித்துக்கொண்டு விழுந்தது. சுவரில் பளீரென்று வெயில். மேற்குச் சுவரடியில் சில்லுக் கதிரையில் இருந்த நடராசா அண்ணையின் முகத்திலும் வெயில். அவருக்குக் கையைத் தூக்கி மறைக்க முடியவில்லை. அகல்யா ஓடிப்போய்த் தன் கையால் மறைத்தாள்.

அருளையா அதைப் பார்த்தார். மெஷினை நிற்பாட்டச் சொன்னார். மதிலடிக்கு வந்தார். அவரும் நடராசா அண்ணையும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"நடராசா, அடியிலை வைக்கட்டோ? சொல்லு. நீ சொன்னால் சரி."

"ஓம்" என்றார் நடராசா அண்ணை.

மெஷின்காரன் கயிற்றில் கை வைத்தான்.

"நிப்பாட்டு!"

ரீச்சரின் குரல். பள்ளிக்கூடத்துக் குரல். மெஷின்காரன் ஏணியில் நேராக நின்றான்.

"அவருக்கு ஓம் மட்டும்தான் வரும் எண்டு ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதோ? வெட்டாதை எண்டு சொல்ல அவருக்கு வாயில்லை. அதுக்கு நான் சொல்லுறன். வெட்டாதையுங்கோ."

பலகையில் என் சாந்து இறுகிக்கொண்டிருந்தது.

"அப்ப முறைப்பாடு?" என்றார் அருளையா.

"திருப்பி எடுக்கிறன்."

"இலை?"

"விழட்டும்."

"கிணத்துக்கை விழும்."

"விழட்டும் எண்டு சொன்னன்தானே! எழுதித் தரவோ?"

"வேண்டாம் தாயே" என்றார் அருளையா. "நீங்கள் முந்தி எழுதினதே காணும்."

மெஷின்காரன் சிரித்துவிட்டான். ரீச்சர் பார்த்த பார்வையில் இறங்கிப் போனான்.

அருளையாவின் கதிரை வேம்புக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் கிடந்தது. காலை நிழல் அவருக்கு, பின்னேர நிழல் எங்களுக்கு. அவர் போய் வெயிலிலேயே அதில் இருந்தார். புதுச்சாந்து குழைத்தேன்.

6. வலையும் கிடுகும்

என் வீட்டார் கடல் தொழில். தம்பியிடம் பழைய வலை ஒன்று கேட்டு வாங்கி வந்து கிணற்றுக்கு மேல் கட்டினேன். இலை வலையில் தங்கியது.

"வேதக்காரன் வலை போட்டால் மீன்தான் படும் எண்டு நினைச்சன்" என்றார் அருளையா மதிலுக்கு மேலால்.

"இது சைவ வலை அண்ணை."

தையில் ஓடு போட்டோம். பங்குனியில் குடிபூரல் செய்து புது வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு விறாந்தைப் பூச்சு மிச்சம் இருந்தது. சித்திரை பிறந்ததும் குறை தெரிந்தது. விழுந்த கொப்பு இருந்த இடத்தால் பகல் சாய்ந்ததும் வெயில் வந்தது. மரத்தின் நிழல் மூடுகிற வரைக்கும் சுவரின் மேல் பாதி சுட்டது. உள்ளே கை வைத்தால் தெரிந்தது. அறையில் அகல்யா தொங்கவிட்ட வெப்பமானி முப்பத்து நான்கைத் தொட்டது. ரீச்சர் ஈரத் துணியோடு நடந்துகொண்டே இருந்தார். இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டார்.

"கொப்பு வளரும் வரைக்கும் சுவரிலை இருந்து ஓரடி தள்ளித் தென்னோலைக் கிடுகு கட்டுவம்" என்றாள் அகல்யா. "நடுவாலை காத்துப் போகவேணும்."

"புது வீட்டுக்குக் கிடுகோ? முகாமிலை கிடுகுக்குக் கீழை இருந்தது காணாதோ?"

அறைக்குள்ளே அண்ணையின் மூச்சு கேட்டது. ரீச்சருக்கும் அது கேட்டது.

"சரி. கட்டு தாசன்."

கிடுகு வாங்கச் சைக்கிளை எடுத்தேன். அதற்குள் மதிலுக்கு மேலால் ஒரு கட்டுக் கிடுகு வந்து விழுந்தது. பின்னால் இன்னொரு கட்டு.

"ஆர் எறிஞ்சது?" என்றார் ரீச்சர்.

"காத்து" என்றேன்.

"நல்ல காத்து."

அன்றே கட்டி முடித்தேன்.

வேலை பழகுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கல்லும் சீமெந்தும் காசுக்கு வரும். நிழல் அப்படி வராது. பிளானில் நிழல் இருந்தால், அது யாருடைய வளவிலிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். அவரோடு வீட்டுக்காரருக்குக் கதை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிறகு அத்திவாரம் வெட்டுங்கள்.

ரீச்சருக்கும் அருளையாவுக்கும் இன்னும் நேர்க்கதை இல்லை. கிடுகு கட்டின அடுத்த நாள் பின்னேரம் கறண்ட் போனது. ஊரெல்லாம் காற்றாடி நின்றது. ரீச்சர் அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். நான் சாந்து பூசுகிற சாந்தகப்பையைக் கழுவுவதும் திரும்பக் கழுவுவதுமாக இருந்தேன். நடராசா அண்ணை கண்ணை மூடிக் கிடந்தார். நெற்றியில் வேர்வை கண்டிருந்தது. மூச்சு சீராக வந்தது.

மதிலுக்கு மேலால் அருளையாவின் தலை தெரிந்தது.

"தாசன், உள்ளுக்கு எவ்வளவு காட்டுது?"

நான் எழும்ப முதல் ரீச்சர் உள்ளே போனார். வெப்பமானியைப் பார்த்தார். வாசலுக்கு வந்தார். மதிலைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், வகுப்புக்கு விடை சொல்கிற மாதிரி உரத்துச் சொன்னார்.

"முப்பத்தொண்டு."