விட்டுப்போன மூன்று வாரம்

அந்த நாவலைப் படமாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர்கூட சந்தோஷப்படவில்லை. நாற்பது பேர் இருந்தோம். நாற்பது பேரும் அந்த நாவலுக்காக உயிரைக் கொடுப்பவர்கள். "நாசமாக்கப் போறானுங்க" என்று ஒருவர் போட்டார். அதற்கு உடனே கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

கதை இதுதான். ஒரு ராஜா குடிமக்களிடம் நிழலை வரியாக வாங்குகிறான். நிழலைக் கொடுத்தவர்கள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப்போகிறார்கள். அந்த நாட்டின் குறுக்கே ஓர் ஆறு. அதில் தண்ணீர் கிடையாது, மணல்தான் ஓடும். நிழலைக் கொடுக்காமல் தப்பி ஓடுகிறவர்களை அந்த மணலாற்றில் ஓடம் விட்டு அக்கரை சேர்க்கிறாள் ஒருத்தி. நான் பிறப்பதற்கு முன்பு ஒரு வார இதழில் தொடராக வந்தது. அப்புறம் தடியான புத்தகமாக வந்தது.

குழுவில் அதனால் இரண்டு கோஷ்டி. தொடராக வந்த பக்கங்களைக் கிழித்துப் பைண்டு செய்து வைத்திருப்பவர்கள் நாங்கள். கடையில் புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் அவர்கள். எங்களுக்கு அவர்களைக் கண்டால் இளக்காரம். ஓவியமே இல்லாத புத்தகம் ஒரு புத்தகமா? அச்சுக்குப் போகும்போது பாதியை வெட்டிவிட்டார்கள் என்று எங்களில் யாராவது வாரம் ஒருமுறை சொல்வார்கள். எந்தப் பாதி என்று யாரும் கேட்டதில்லை.

ஞாயிறு காலையில் ஐந்தாறு பேர் செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடையில் கூடுவோம். பக்கத்து கஃபேயில் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தியானத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் போடும் சத்தத்தில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார்கள். படம் அறிவித்த பிறகு சத்தம் ஜாஸ்தியாகிவிட்டது.

"ஓடக்காரிக்கு அந்தப் பொண்ணா? அதுக்குத் துடுப்பு தூக்கத் தெம்பு இருக்குதா?" என்பார் பாத்திரக்கடை பாய். தொடர் கோஷ்டியின் தலைவர் அவர். இதழ்களையே முழுசாக, அட்டையோடு, பரணில் அடுக்கி வைத்திருப்பவர்.

"நீங்க வேணா நடிங்க பாய். பாத்திர மூட்டை தூக்கித் தூக்கி உங்களுக்குத்தான் நல்ல கை" என்பார் அக்கா. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை செய்கிறவர். புத்தகக் கோஷ்டி. புத்தகத்தின் பக்கங்களில் கலர் கலராகச் சீட்டு ஒட்டி வைத்திருப்பார், ஆபீஸ் கோப்பு மாதிரி.

எனக்கும் வேலை வேங்கிக்காலில்தான். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜனங்களுக்கு மனு பூர்த்தி செய்து கொடுக்கிறேன். குழுவில் வயதில் சின்னவன் நான்தான். ஆனாலும் ஏதாவது சந்தேகம் என்றால் "தம்பியக் கேளு, மனப்பாடம்" என்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். என்னை ஒரு விஷயத்தில் ஆதாரமாக வைத்துப் பேசிய இடம் அந்த டீக்கடை பெஞ்சு ஒன்றுதான். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

மனப்பாடம் ஆனதற்குக் காரணம் அம்மா. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர். அம்மா விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைப்பாள். மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும் என்று விதைக்கு மட்டும் கையால்தான் உடைப்பார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து உடைத்தால் விரல் நுனி தேய்ந்து வழவழப்பாகிவிடும். அப்படி ஒரு வீட்டுக்கு உடைக்கப் போனபோது பரண் ஒழித்தார்களாம். படம் போட்ட பைண்டு புத்தகம் ஒன்றைக் குப்பையில் போடப் பார்த்தார்களாம். "எம்புள்ள படிப்பான்" என்று கேட்டு வாங்கி, மல்லாட்டை மூட்டை மேலேயே வைத்துத் தலையில் சுமந்து வந்தாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் உடைக்க, நான் சத்தமாகப் படிப்பேன். ஒரு வருடத்தில் மூன்று முறை முடித்தோம்.

படத்தின் இயக்குநர் ஒரு பேட்டியில் சொன்னார்: "ஓடக்காரி கோட்டைக்குள்ளயே போகமாட்டா. முதல் பாகம் முழுக்க ஆத்துலதான்." நாவலில் எனக்கு உயிரே கோட்டை வாசல் காட்சிதான். ஓடக்காரி தனியாகக் கோட்டை வாசலுக்குப் போகிறாள். காவலன் மைப்பெட்டியை நீட்டி, "கட்டை விரலை வைத்து நிழலைக் கொடுத்துவிட்டுப் போ" என்கிறான். அவள் விரலை வைக்கவில்லை. துடுப்பால் வாசல் மணலில் தன் பெயரைப் பெரிதாக எழுதுகிறாள். காற்று அதை அழிக்கவில்லை. காவலர்களுக்கு அதை மிதித்துத் தாண்டத் துணிச்சல் இல்லை. அன்று முழுவதும் கோட்டையிலிருந்து யாரும் வெளியே வரவில்லை.

அம்மாவுக்கும் அதுதான் உயிர். மூன்றாம் முறை படித்து முடித்தபோது, உடைத்த மல்லாட்டைத் தோட்டை ஒதுக்கிவிட்டு, "எம்பேர எப்படிடா எழுதுறது?" என்று கேட்டாள். நான்கு எழுத்து. மண்ணில் குச்சியால் எழுதிப் பழகினாள். அதற்குப் பிறகு நூறு நாள் வேலைக்கும் பேங்குக்கும் கையெழுத்துதான். வரிசையில் பின்னால் இருப்பவர்கள் முனகினாலும் நிதானமாகப் போடுவாள்.

அந்தக் காட்சியை எடுக்கமாட்டேன் என்கிறானே என்று ஒரு பெரிய கடிதம் எழுதினேன். மனு எழுதி எழுதிப் பழகிய கை. குழுவில் போட்டேன். "அருமை தம்பி" என்று எல்லோரும் வெளியே அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் எங்கெங்கோ இருந்தவர்கள், 'கோட்டை வாசல் வேண்டும்' என்று எழுதத் தொடங்கினார்கள். யாரோ ஒருவர், "பள்ளிக்கூட நாளில் அந்தக் காட்சியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை" என்று எழுதியிருந்தார். அதைப் படித்து நான் நெகிழ்ந்துபோனேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அடுத்த ஞாயிறு அக்கா புத்தகத்தோடு வந்தார். "தம்பி, நான் ரெண்டு தடவ தேடிட்டேன். கோட்டை வாசல் எந்தப் பக்கத்துல வருது?"

"புத்தகத்துல இருக்காதுக்கா. வெட்டிட்டாங்க. தொடர்ல இருக்குது, முப்பத்தொண்ணாம் வாரத்துக்கு அப்புறம்."

"நிச்சயமா?"

"அக்கா, எனக்கு வரிவரியா தெரியும். எங்கம்மாவக் கேளுங்க, அவங்களே சொல்லுவாங்க."

"சண்ட எதுக்கு? அடுத்த வாரம் எடுத்தாறேன். பரண்லதான கெடக்குது" என்றார் பாய். எனக்குத்தான் ஆதரவாகச் சொன்னார்.

எடுத்து வந்தார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்து நான்காம் வார இதழ்கள். டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு முதல் இதழைப் பிரித்தார். மணல் புயல். ஓடம் நகரவில்லை. கரையில் ஒரு நரி வந்து உட்கார்ந்து ஓடக்காரிக்குக் கதை சொல்கிறது. அடுத்த வாரமும் நரி சொல்கிறது. மூன்றாவது வாரமும் நரிதான். கடைசியில் புயல் அடங்கி அவள் ஓடத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

"கோட்டையக் காணோமே தம்பி" என்றார் பாய்.

"நரி முழுங்கிருச்சு போல" என்றார் அக்கா. பெஞ்சே குலுங்கியது. பக்கத்து கஃபேயில் கண்கள் திறந்தன.

"அடுத்த பாகம் நீயே எழுதிடு தம்பி, டைரக்டருக்கு வேல கம்மி" என்று இன்னொருவர் சொன்னார்.

நான் அந்தப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவற்றை நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் மெதுவாக ஞாபகம் வந்தது. என் பைண்டு புத்தகத்தில் முப்பத்தொன்று முடிந்ததும் முப்பத்தைந்து. நடுவில் நூல் மட்டும் தெரியும். முதல் முறை படித்தபோது அங்கே நின்றேன். "அப்புறம்?" என்றாள் அம்மா. தலையில் சுமந்து கொண்டுவந்தவளிடம் பக்கம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரம்தான் ரேஷன் கடையில் மை ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே அவள் வெளியே வந்ததைப் பார்த்திருந்தேன். முப்பத்தைந்தாம் வாரத்துப் பக்கத்தைப் பார்த்தபடி, படிக்கிற குரலிலேயே, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இரண்டாம் முறையும் சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது அது எனக்கே அச்சில் இருப்பதாக ஆகிவிட்டது.

குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வெளியூர்க்காரர்கள் யாரும் நம்பவில்லை. இரண்டு நாள் சாப்பிடாதவர், "சினிமா கம்பெனிக்காரன் மிரட்டிவிட்டான், அதனால்தான் பல்டி அடிக்கிறார்" என்று எழுதினார். பாய் அந்த மூன்று வாரத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்தார். "வெச்சிக்க தம்பி, உன்னுதுல இல்லல்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

குழு போனால் போகட்டும். அம்மாவிடம் என்ன சொல்வது? படம் வருகிறது என்று தெரிந்ததிலிருந்து அவள் கூட உடைக்கிற பெண்களிடமெல்லாம் கோட்டை வாசலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த எடம் வரும்போது பாருங்கடி" என்றாள். அவள் சினிமாவுக்குப் போய்ப் பல வருடம். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போனேன்.

படம் வந்தது. பகல் காட்சிக்கு அழைத்துப் போனேன். நல்ல சேலை கட்டியிருந்தாள். குழுவினர் முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மணலாறு நன்றாகத்தான் இருந்தது. இதற்கா இத்தனை மாதம் சண்டை போட்டோம் என்று கோபம்கூட வந்தது. புயல் அடித்தது. நரி வந்தது. பாய் திரும்பிப் பார்த்து, "தம்பி, நரி!" என்று கத்தினார். வரிசையே சிரித்தது.

"எதுக்குடா உன்னப் பாத்து சிரிக்கிறாங்க?" என்றாள் அம்மா.

"சும்மாமா."

இடைவேளையில் கேட்டாள்: "கோட்ட வாசல் இன்னும் வரலல்ல? நான் தூங்கிடலையே?" வரலை என்றேன். கடைசியில் ஓடம் இருட்டுக்குள் போய், மீதி இரண்டாம் பாகத்தில் என்று எழுத்து வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

"அடுத்ததுலயா வருது?"

"வராதும்மா."

"ஏன், எடுக்கலையா?"

"கதையிலயே இல்லம்மா. அங்க மூணு வாரம் பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. நானா சொன்னது."

அவள் திரையைப் பார்த்தாள். திரை வெள்ளையாக இருந்தது. "படிக்கிறன்னு தான சொன்ன?" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். நிறுத்தத்தில் இறங்கும்போது, "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தான அப்படி சொன்ன. நீ இன்னா சொன்னாலும் அது எழுதியிருக்குதுன்னு நெனச்சிக்குவேன்" என்றாள். பதின்மூன்று வயது, நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன். "ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்டா" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. டீக்கடைக்குப் போகவில்லை. மல்லாட்டையை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், "அந்த பொஸ்தகத்த எடுத்தா" என்றாள். முப்பத்தொன்றும் முப்பத்தைந்தும் சேரும் இடத்தைக் காட்டச் சொன்னாள். நூலின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"வேற எங்கெங்க இப்படி சொன்ன?"

"வேற எங்கயும் இல்லம்மா."

"உன்ன எப்படி நம்புறது?"

ஜெராக்ஸைக் கொண்டுவந்தேன். "இதுதான் அங்க இருந்தது. வெறும் நரிதான்."

"படி. வெரல வெச்சி படி."

ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் விரலை நகர்த்திப் படித்தேன். அவள் உடைப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது அந்த நான்கு எழுத்துதான். அதில் ஏதாவது ஒன்று தட்டுப்பட்டால், "நில்லு. இங்க 'ம' இருக்குது. நீ சொன்னதுல எங்க 'ம' வந்துச்சு?" என்றாள். "மணல்" என்றேன். "சரி, போ" என்றாள். ஒரு பக்கம் முடிய முக்கால் மணி நேரம். எனக்குப் பொறுமையே போய்விட்டது. மூன்று வாரமும் நரி பேசிக்கொண்டே இருக்கிறது. இதில் என்ன இருக்கிறது என்று அந்த எழுத்தாளர் எழுதினாரோ?

இரண்டாம் வாரத்தில், கிணற்றில் விழுந்த நிழலை எடுக்க நரி வாலை விடுகிற இடத்தில், அம்மா சிரித்துவிட்டாள். "நல்லாத்தான இருக்குது நரி? இத ஏன்டா எனக்குக் கெடைக்காம பண்ண?"

பக்கம்தான் இல்லையே, நான் எங்கே போய் எடுத்துவந்திருப்பேன், கோட்டை வாசல் இதைவிட எவ்வளவோ தேவலை என்றெல்லாம் வாய் வரை வந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"பாத்தியா, வெரல எடுத்துட்ட" என்றாள்.

வரியின் ஆரம்பத்தில் விரலை வைத்து மறுபடி படித்தேன்.