மாமாவின் பத்தியம்

எங்கள் மாமாவுக்குப் பயங்கரமான வியாதி ஒன்று இருப்பதாக ஏழு வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். கல்கத்தாவில் டாக்குரியாவில் எங்கள் வீடு இருந்த மூன்றாம் மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வருவார். ஆனால் ஒரு வாய் சோறு உள்ளே போனால் போதும், தடாலென்று கீழே விழுந்து கை காலெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அவரைச் சோற்றிலிருந்து காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் இருந்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையில் விழுந்துகொண்டிருந்தது நான்தான். எனக்கு வலிப்பு இருந்தது. அந்தச் சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: விளையாடிக்கொண்டே இருப்பேன், நடுவில் கொஞ்ச நேரம் காணாமல் போய்விடுவேன். திரும்பி வந்தால் அம்மா மடியில் கிடப்பேன். நாக்கு எரியும். அப்பா கையில் கிடைத்த பேப்பரால் விசிறிக்கொண்டிருப்பார். என்ன ஆச்சு என்று கேட்டால் "அசதிடா கண்ணு" என்பார்கள். எனக்கு ஏன் மற்ற பிள்ளைகளைவிட இவ்வளவு அசதி என்று நான் யோசித்ததில்லை.

மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள், கூட்டிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் டாக்டர், சாப்பாட்டையே மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். சோறு, இட்லி, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் தடை. இனி கறி, முட்டை, சீஸ், எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணெய், இவைதான் சாப்பாடு. அந்த எண்ணெய்தான் மருந்து, அளந்துதான் கொடுக்க வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக்கூடாது.

முதல் வாரமே தவறியது. எனக்கு மட்டும் ஏன் சோறு கிடையாது என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டு, கீழ் வீட்டு வங்காளி அத்தை, காக்கிமாவின் சமையலறையில் புகுந்து, டப்பாவோடு பொரியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றேன். அன்று மாலை காணாமல் போனேன், அதுவும் நெடுநேரம். கண் விழித்தபோது அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. அவளுக்கும் அசதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமா நோயாளி ஆனார். அவர் அம்மாவுக்குத் தம்பி. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து மதுரையிலிருந்து வந்தவர், எங்களோடுதான் தங்கியிருந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, எனக்கு ஒரு வியாதி. டாக்டர் சோறு, இனிப்பு எதையுமே தொடக்கூடாதுன்னுட்டார். தனியா இருந்தா எனக்குத் தாங்காது. நீ கூட இருந்தா தாங்கும்."

"நான் சோறு தின்னா?"

"பார்த்தவுடனே எனக்கும் ஆசை வந்துடும். நான் ஒரு வாய் வெச்சேன்னா, அவ்வளவுதான், முடிஞ்சுது கதை."

நான் ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு ஒரு நிபந்தனை போட்டேன். அவர் ஒழுங்காக இருக்கும்வரை நானும் இருப்பேன். அவர் ஒரு வாய் தின்றுவிட்டால் எனக்கும் விடுதலை. மாமா என் கையைக் குலுக்கி ஒப்புக்கொண்டார். மூன்று வேளையும் சோறு கேட்கும் மனுஷன் அவர். ரசத்துக்கு ஒரு தட்டு, தயிருக்கு ஒரு தட்டு என்று உட்காருவார். அன்றோடு நிறுத்தினார்.

அதற்குப் பிறகு எங்கள் சமையலறையில் நடந்ததையெல்லாம் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். மாவு இல்லாமல், உளுந்து இல்லாமல் அப்பளம் சுட முடியுமென்று யாராவது நம்புவார்களா? மாமா சுட்டார். வெறும் தோசைக்கல்லில் ஒரு துண்டு சீஸை வைப்பார். அது இளகி, பரந்து, குமிழ் விட்டு, ஓரம் சிவந்து வரும். அவசரப்படாமல் ஆறவிட்டு எடுத்தால் மொறுமொறுவென்று கையோடு வரும். கோலா உருண்டையில் பொட்டுக்கடலைக்குப் பதிலாக முட்டையை ஊற்றிப் பிசைந்து, நடுவில் சீஸ் வைத்து உருட்டுவார். கடித்தால் உள்ளேயிருந்து நூல் நூலாக இழுபடும். நியூ மார்க்கெட்டிலிருந்து புகை போட்ட சின்னச் சின்ன சீஸ் வில்லைகள் வாங்கி வந்து, வேகவைத்த கோழிக்கறித் துண்டோடு குச்சியில் செருகித் தருவார். பள்ளிக்கூடத்தில் என் டிபன் டப்பாவைச் சுற்றிக் கூட்டம் கூடியது. லுச்சிப் பூரியும் உருளைக்கிழங்கு ஆலுர் தமும் கொண்டுவந்த பிள்ளைகள் என்னைப் பணக்காரி என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எண்ணெய்தான் அவரைப் படாதபாடு படுத்தியது. எந்த எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் திகட்டாமல் உள்ளே போகும் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கடைக்குப் போய்ச் சாப்பிடத் தேங்காயெண்ணெய் கேட்டார். கடைக்காரர் தலைக்குத் தேய்ப்பதை எடுத்து வைத்துவிட்டு, சாப்பிடவா என்று இரண்டு தரம் கேட்டாராம். சமையலுக்கானது கிடைக்க இரண்டு மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. கடுகெண்ணெய் வாங்கி வந்த அன்று, சட்டியில் புகை கிளம்பியதும் கருகிவிட்டது என்று அப்படியே கொட்டினார். மறுபடி ஊற்றினார், மறுபடி புகை, மறுபடி கொட்டினார். நெடி தாங்காமல் மேலே ஏறி வந்த காக்கிமா தலையில் அடித்துக்கொண்டு, கடுகெண்ணெயைப் புகைய விட்டு, அடுப்பைக் குறைத்து, அப்புறம்தான் போட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். நம் ஊர்க்காரனுக்கு எண்ணெய் புகைந்தால் பதறும், அவளுக்குப் புகையாவிட்டால் பதறும். கடைசியில் மீனுக்குக் கடுகெண்ணெய், கறிக்குத் தேங்காயெண்ணெய், முட்டைக்கு மேலே பச்சையாக விட ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெய் என்று தீர்மானமாயிற்று. சின்னத் தராசை வைத்துக்கொண்டு அவர் எண்ணெயை நிறுக்கும்போது பொற்கொல்லர் கெட்டார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பேன்.

இதெல்லாம் அவருடைய வியாதிக்காக என்று நினைத்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. நான் காவலும் விடவில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் வாயை ஊதிக் காட்டச் சொல்வேன். துர்கா பூஜைப் பந்தலில் பிரசாதக் கிச்சடி கொடுத்த அம்மாளிடம், இவருக்குக் கிடையாது என்று நானே கையை நீட்டி மறித்தேன். இதற்கிடையில் நான் காணாமல் போவது குறைந்து, பிறகு நின்றே போனதை நான் கவனிக்கவில்லை. வீட்டில் மற்ற எல்லோரும் கவனித்தார்கள். ஒவ்வொரு நாளும் விடியும்போது அம்மா பயந்துகொண்டேதான் எழுந்தாளாம். நின்றிருக்கிறது, இப்போது பத்தியத்தை விட்டால் எல்லாம் பாழ் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

பாலிகஞ்சில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். போட்டோ பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்து, போனிலும் பேசத் தொடங்கியிருந்தார்கள். போன் வந்தால் மாமா பால்கனிக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்து அப்பாவும் அம்மாவும் சிரித்துக்கொள்வார்கள். அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் முன்னால் தயாராகிக் கதவருகே நின்றார்.

பெண் ரொம்ப அழகாக இருந்தாள். தட்டுகளை அவளே கொண்டுவந்து வைத்தாள். வாழைக்காய் பஜ்ஜி, முந்திரி போட்ட கேசரி, பக்கத்திலேயே சந்தேஷ் என்கிற பால் இனிப்பு இரண்டு. கேசரியிலிருந்து நெய் வழிந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் எனக்குத் தலை சுற்றியது. நான் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு ஸ்பூன் தின்றால் என் விரதமும் முடிந்தது. தின்னக்கூடாது என்றும் இருந்தது, தின்றால் தேவலை என்றும் இருந்தது.

மாமா தண்ணீரை மட்டும் எடுத்துக் குடித்தார்.

பெண்ணின் அம்மா, வங்காளம் கலந்த தமிழில், "தம்பி ஒண்ணுமே தொடலையே? எக்டு, கொஞ்சமாவது கேசரி எடுத்துக்குங்க. பொண்ணு கையால கிளறினது," என்றாள்.

மாமா ஸ்பூனைக் கையில் எடுத்தார். பெண்ணைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டு சிரித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் கை கேசரித் தட்டின் விளிம்பில் தயாராக இருந்தது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டாங்க, மன்னிச்சுக்குங்க," என்றார்.

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை கை நனைக்காவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண்ணின் முகம் சிவந்துபோயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது. உதவி செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"ஆன்ட்டி, மாமாவுக்கு இந்த அக்காவைப் பிடிச்சிருக்கு. அவருக்கு வியாதி. இனிப்பு தின்னா கீழே விழுந்து கை காலெல்லாம் இழுத்துக்கும். அதான்," என்றேன்.

அம்மா பாதி எழுந்துவிட்டாள். "ஐயோ, அப்படியில்லீங்க, அது வந்து, இவளுக்குத்தான்..."

"அக்கா," என்றார் மாமா. சத்தமாகச் சொல்லவில்லை. அம்மா அப்படியே உட்கார்ந்தாள்.

பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நிஜமாவா தம்பி?"

"ஆமாங்க. கொஞ்ச நாளா வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கேன். முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்புதான்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் எங்களிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். பெண் மட்டும் உள்ளேயே இருந்துவிட்டாள்.

டாக்ஸியில் நான் பின் சீட்டில் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே போன் பண்ணி உண்மையைச் சொல்லிடறேன்டா," என்றாள்.

"வேண்டாம்க்கா. இந்த ஊர்ல நம்ம ஆளுங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. இந்த வியாதிப் பேரு எம்மேல இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பொம்பளைப் பிள்ளை மேல ஒட்டினா ஆயுசுக்கும் விடாது."

"என்ன உண்மை?" என்று கேட்டேன்.

"கேசரி வாசனை பிரமாதம்ங்கிற உண்மை," என்றார் மாமா.

முன் சீட்டில் இருந்த அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் வீடு வரும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கேசரி போன வருத்தம் இருந்தாலும் பெருமைதான் அதைவிட அதிகமாக இருந்தது. "நல்லவேளை மாமா, நான் கூட வந்தேன். இல்லேன்னா தின்னிருப்பீங்க," என்றேன்.

"கட்டாயம் தின்னிருப்பேன் பாப்பா," என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

நான் அண்ணாந்து அவரைப் பார்த்தேன். முந்திரி போட்ட கேசரி, அவ்வளவு அழகான பெண், அத்தனை பேர் வற்புறுத்தல். எதற்கும் அசையவில்லை. தன் உடம்பின் மேல் இவ்வளவு அக்கறை உள்ள மனிதர் இந்தக் கல்கத்தாவிலேயே வேறு யாரும் இருக்க முடியாது என்று வியந்துகொண்டே, அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.