மலரின் இருபத்தேழாம் பக்கம்

என் தங்கை ஷோபனா மெயின்லாந்தில் ஒரு காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகராக இருக்கிறாள். எங்கள் தீவில், இந்த ஜங்லிகாட்டில் இதைச் சொன்னால் பாதிப் பேர் ரத்தம் எடுத்துப் பார்க்கிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று ஒவ்வொருவருக்கும் நின்று விளக்குவேன். எனக்கு அதில் அலுப்பே வந்ததில்லை.

எங்கள் அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து துறைமுகத்தில் மஸ்தூராக, அதாவது கூலியாளாக இருந்தவர். அவர் இறந்தபோது நான் பத்தாவது, அவள் ஆறாவது. நான் பழனிசாமி அண்ணனின் படகு எஞ்சின் கடையில் சேர்ந்தேன். பிறகு அதே தெருவில் எனக்கென்று ஒரு கடை. எஞ்சினைப் பிரித்தால் கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் சாக்கின் மேல் அடுக்குவேன். ஒரு வாஷர் இடம் மாறினாலும் எனக்குத் தூக்கம் வராது. ஷோபனாவும் அப்படித்தான். ஸ்கூலில் வரைபடத்துக்கு வண்ணம் அடித்தால் கோட்டைத் தாண்டாது. தாண்டினால் கிழித்துவிட்டு முதலிலிருந்து வரைவாள். தீவுக் கோட்டாவில் மெயின்லாந்தில் வேதியியல் படித்தாள், எம்.எஸ்ஸி. முடித்தாள், பரீட்சை எழுதி இந்த வேலைக்குப் போனாள். முதல் தடவை கப்பல் ஏற்றிவிட்ட அன்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

என்ன வேலை என்று ஒரு லீவில் கேட்டேன்.

"ஒரு கம்பெனி புது மருந்து கண்டுபிடிச்சேன், இதை நான் மட்டும்தான் செய்யணும்னு உரிமை கேக்கும். அது நெசமாவே புதுசான்னு பாத்து எழுதறதுதான் அண்ணே என் வேலை."

"உலகத்துல எத்தனையோ மருந்து இருக்கே. எப்படிப் பாப்பே?"

"விண்ணப்பத்தோட கடைசிப் பக்கங்களை முதல்ல படிப்பேன். எது எது தனக்குன்னு கேக்கறான்னு அங்கதான் இருக்கும். அப்புறம் அந்த மருந்தோட மூலக்கூறு படத்தை வரைஞ்சு தேடுவேன். பேரை வச்சுத் தேடினா ஏமாந்துருவோம். ஒரே பொருளுக்குப் பத்துப் பேர் இருக்கும். படம் மாறாது."

"அதே படம் கிடைச்சா?"

"முடிஞ்சது. கிடைக்கலைன்னாலும் விட முடியாது. கிட்டத்துல ஒண்ணு இருந்து, இந்த வேலை தெரிஞ்ச எவனும் அதைக் கொஞ்சம் மாத்தி இதுக்கு வந்திருப்பான்னா, அதுவும் கண்டுபிடிப்பு இல்லை."

"பழைய எஞ்சினுக்குப் புதுப் பெயின்ட் அடிச்சு வந்தா?"

"அதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. தெரிஞ்ச மருந்தையே வேற உப்பா மாத்தி, வேற பொடியா மாத்திக் கொண்டுவருவாங்க. பெயின்ட் அடிச்சதால ஓட்டம் கூடுச்சான்னு கேப்போம். நோய் அதிகமா குணமாகுதுன்னு அளந்து காட்டணும். வாயால சொன்னா ஆகாது."

அவள் எழுதுவது அறிக்கைதான். விண்ணப்பித்தவர் அதற்குப் பதில் சொல்லலாம், கோரிக்கையைச் சுருக்கலாம், நேரில் வாதாடலாம். தீர்ப்பு எழுதுவது மேலதிகாரி. "அப்ப நீ சாட்சி மாதிரி" என்றேன். "இல்லை, நோண்டறவ" என்றாள்.

இனி ரூபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என் கூட்டாளி அழகர்சாமியின் மகள். அழகருக்கு இரண்டு படகு. இரண்டின் எஞ்சினையும் அவன் வாங்கிய நாளிலிருந்து நான்தான் பார்த்துவந்தேன். அவனுடைய தம்பி திக்லிபூரில் வயல் வைத்திருந்தவன், எலிக்காய்ச்சலில் போய்விட்டான். அதனாலோ என்னவோ, மெயின்லாந்தில் ஆராய்ச்சி படிக்கப் போன ரூபா அந்தக் காய்ச்சலுக்கே ஒரு புது மருந்துப் பொருளைச் செய்தாள். எலிகளிடம் நன்றாக வேலை செய்கிறது என்று செய்தி வந்தது.

எங்கள் படகுத் தொழிலாளர் நல மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை எதில் தேறினாலும் பொங்கல் ஆண்டுவிழாவில் மேடையேற்றிச் சால்வை போட்டு, ஆண்டு மலரில் படத்தோடு கட்டுரை போடுவோம். ரூபாவை விடுவோமா? அழகர் சொல்வதற்கு முன்பே தலைவர் ஜெய்னுதீன் பாய் முடிவு செய்துவிட்டார். மலருக்கு ஆசிரியர் நான்.

ரூபா தமிழிலேயே எழுதிக் கொடுத்தாள். எதோடு எதைக் கலந்தாள், எவ்வளவு சூட்டில் வைத்தாள், எப்படி வடித்துப் பிரித்தாள் என்று படிப்படியாக. "நம்ம ஆளுங்களுக்குப் புரியணும் மாமா, அதான் சமையல் குறிப்பு மாதிரி எழுதிட்டேன்" என்றாள். நடுவில் மருந்தின் படம். அபர்டீன் பஜார் அச்சகத்தில் வந்த முதல் பிரதியில் ஒரு அறுகோணத்துக்குள் ஒரு கோடு விட்டுப்போயிருந்தது. அவள் வரைந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்தச் சொன்னேன். அச்சகக்காரன், "அரே தாதா, இதை யார் பாக்கப் போறாங்க" என்றான். திருத்திய பிறகுதான் அச்சேற விட்டேன். இருபத்தேழாம் பக்கம்.

விழாவில் ரூபா திரையில் படம் போட்டுப் பேசினாள். லீவில் வந்திருந்த ஷோபனா என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும் போலக் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு சித்திரையில்தான் ரூபா உரிமை கேட்டு விண்ணப்பித்தாள். மெயின்லாந்தில் ஒரு சின்னக் கம்பெனி மேற்கொண்டு சோதனை நடத்த ஒப்புக்கொண்டிருந்தது, ஒரே நிபந்தனையோடு. உரிமை கிடைத்தால் வருவார்கள், கிடைக்காவிட்டால் இல்லை. அவள் பல வருஷம் செய்த வேலை முழுவதும் அந்த ஒரு விண்ணப்பத்தில் நின்றது. பெண் விண்ணப்பதாரர்களுக்கு விரைவு வழி உண்டாம், அதில் போட்டார்கள்.

அடுத்த பொங்கலுக்கு ஷோபனா வந்தபோது அழகர் வீட்டில்தான் எங்களுக்கு விருந்து. அழகர் சூரை மீனை அவள் இலையில் வைத்துக்கொண்டே, "என்னம்மா, எங்க ஃபைல் உங்க ஆபீஸ் பக்கம் வந்துச்சா? வந்தா கொஞ்சம் நல்லா பாத்துக்க" என்றான்.

"ஆபீஸ் கதை வேணாம் அண்ணே. அந்தக் குழம்பை இப்படித் தள்ளுங்க."

"பாத்தியா சிவா, அதிகாரி ஆனதும் கெத்து."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். கிளம்புகிற அன்று என் அலமாரியில் தேடி முந்தைய வருஷத்து மலரை எடுத்தாள். "இதை எடுத்துட்டுப் போறேன் அண்ணே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் போட்ட மலரை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொரு பிரதியும் எடுத்துக் கொடுத்தேன். "ஒண்ணை உன் ஆபீசருக்குக் கொடு. நாங்களும் சுத்தமா அச்சடிப்போம்னு தெரியட்டும்."

அவள் இரண்டையும் பையில் வைத்தாள்.

பங்குனியில் ஒரு நாள் அழகர் கடைக்கு வந்தான். நான் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் ஸ்டூலில் உட்காரவில்லை.

"சிவா, டி-ஒன்னுன்னா என்ன தெரியுமா?"

"தெரியாதே."

"எங்களுக்கு எதிரா இருக்கிற முதல் சான்றுக்கு அறிக்கைல அப்படிப் பேர் வைப்பாங்களாம். வக்கீல் சொன்னாரு. டி-ஒன்னு என்ன தெரியுமா? உன் மலர். பக்கம் இருபத்தேழு. உலகத்துல எங்கயும் இந்த மருந்து இல்லையாம், உன் மலர்ல மட்டும் இருக்காம். விண்ணப்பத்துக்கு முன்னாடியே ஊருக்குச் சொல்லியாச்சு, அதனால புதுசு இல்லையாம்."

"அவ எழுதினதுதானே அது? அவளோடது அவளுக்கு எதிராவா?"

"யார் எழுதினா என்ன, முன்னாடியே வெளிய வந்தா வந்ததுதானாம்." அறிக்கையைப் பெஞ்சில் வைத்தான். "கீழ கையெழுத்து வேற யாரோ. ஆனா நம்ம மன்றத்து மலர் எந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு? எவன் இதை ஜங்லிகாட்லேர்ந்து தூக்கிட்டுப் போனான்?"

நான் கையைத் துடைத்தேன். பதில் இரண்டு பேருக்கும் தெரியும்.

"என் வீட்டுல சாப்பிட்டுட்டுப் போனா சிவா" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

ஷோபனாவுக்குப் போன் போட்டேன். "அதைப் பத்தி நான் பேசக் கூடாது அண்ணே" என்றாள்.

"நான் கேக்கறது ஆபீஸ் விஷயம் இல்லை. என் அலமாரியிலேர்ந்து எடுத்துட்டுப் போனியே, அதைக் கேக்கறேன்."

"அதையும் பேசக் கூடாது."

"நான் உன் அண்ணன்டி."

அவள் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

ஒரு வாரத்தில் அழகர் மறுபடி வந்தான். வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கற்றறிந்தோர் சங்கம் ஒன்றில் வாசித்த கட்டுரைக்குச் சட்டத்தில் ஒரு வருஷம் விலக்கு உண்டு. நம் மன்றம் அப்படிப்பட்ட சங்கம் என்று லெட்டர்பேடில் எழுதிச் செயலாளரும் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளரும் நான்தான்.

"உன் தங்கச்சி கெடுத்ததை நீ சரி பண்ணு" என்றான்.

செய்ய எனக்கு ஆசையாகவே இருந்தது. ரூபாவுக்காகப் பாதி. மீதி, ஷோபனாவின் அலுவலகத்தில் அந்தக் கடிதம் போய் விழ வேண்டும் என்பதற்காக. "அறிவியல் வளர்ச்சிக்காக இயங்கும் அமைப்பு" என்று நானே எழுதி ஜெய்னுதீன் பாயிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"நான் அஞ்சாங் கிளாஸ், சிவா. நான் தலைவரா இருக்கிறது கற்றறிந்தோர் சங்கமா?"

"ரூபாவுக்காக பாய்."

"போடறேன், கொடு. ஆனா ஒண்ணு சொல்லு. இதுக்கு முன்னாடி என்ன கட்டுரை வாசிச்சோம்னு அதிகாரி கேட்டா?"

யோசித்துப் பார்த்தேன். ஐஸ் விலைத் தீர்மானம். டீசல் ஒதுக்கீடு. கயிறு இழுக்கும் போட்டி. கடலில் காணாமல் போன இரண்டு பேருக்கு அஞ்சலி. எஞ்சினில் உப்பு படியாமல் காப்பது எப்படி என்று நான் எழுதிய அரைப் பக்கம். வீட்டுக்கு வந்து வேறு கடிதம் எழுதினேன். மன்றம் என்னென்ன செய்கிறது என்பதை உள்ளபடி எழுதி, ஒரு வருஷம் ரூபா என்ற பெண் தன் மருந்தை விளக்கினாள், உறுப்பினர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள் என்று முடித்தேன். கற்றறிந்தோர் என்ற சொல்லைச் சேர்க்கக் கை வரவில்லை.

அழகர் நின்றபடியே படித்தான்.

"அண்ணனும் தங்கச்சியும் ஒரே மாதிரி" என்றான். "அவ எடுத்துக் கொடுத்தா, நீ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறே."

அந்த வாரமே படகு எஞ்சின் இரண்டையும் வேறு கடைக்கு மாற்றிவிட்டான்.

விசாரணை வீடியோவில் நடந்தது. வக்கீல் என் கடிதத்தையே வைத்து வாதாடிப் பார்த்திருக்கிறார். உத்தரவு ஆடியில் வந்தது. மருந்துப் பொருள் மலரில் முழுமையாக வெளியாகிவிட்டது, படமும் செய்முறையும் பிழையில்லாமல் இருக்கின்றன, படகுத் தொழிலாளர் மன்றம் கற்றறிந்தோர் சங்கம் ஆகாது. அதே பொருளின் உப்பு வடிவத்துக்கும் கேட்டிருந்தார்கள். அது கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்பதற்கு அளவு காட்டவில்லை. நிராகரிக்கப்படுகிறது. கம்பெனி விலகிக்கொண்டது. ரூபா ஹைதராபாத்தில் வேறு ஏதோ வேலைக்குப் போய்விட்டாள் என்று அவள் அம்மா யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

ஷோபனா ஆவணியில் வந்தாள். முன்பெல்லாம் அவள் கப்பலில் வந்தால் அழகரின் வண்டி துறைமுக ஜெட்டியில் நிற்கும். இந்த முறை நான் ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்கு வந்து டீ குடித்த பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"உத்தரவு வெளியாயிருச்சு. இப்ப என் பக்கத்துக் கதையை மட்டும் சொல்லலாம். அந்த ஃபைல் எனக்கே வந்துச்சு அண்ணே. யாருக்கு எதுன்னு மெஷின்தான் பிரிச்சுக் கொடுக்கும். பொங்கலுக்கு வர்றதுக்கு முந்தின வாரம். ரூபா பேரைப் பாத்ததும் ஆபீசர்கிட்டப் போயி, இவங்க எனக்குத் தெரிஞ்சவங்க, வேற ஆளுக்கு மாத்துங்கன்னு சொல்லிட்டேன்."

"மாத்திட்டாங்கல்ல. அதோட விட்டிருக்கலாமே."

"இதைப் பத்தி உனக்கு வேற ஏதாவது தெரியுமான்னு கேட்டாரு."

"தெரியாதுன்னு சொன்னா?"

"மலர்ல வந்தது தெரிஞ்சே தெரியாதுன்னா? கைதட்டிட்டு வந்திருக்கேனே அண்ணே."

"அவங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டப்போ இதெல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் ரெண்டாவது பிரதி எடுத்துக் கொடுத்தேனே, அப்பவும்."

"ஆமா."

"ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அழகர் அண்ணன்கிட்டச் சொல்லாம இருந்திருப்பியா?"

இருந்திருக்க மாட்டேன். சட்டப்படி அவள் சரி என்பது எனக்குப் புரிகிறது. வேறு யாரோ முகம் தெரியாதவர்களின் விண்ணப்பமாக இருந்தால் ஜங்லிகாட் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். சந்தோஷத்தோடு எடுத்துக் கொடுத்த பொருளை, எதற்கு என்று தெரிந்துகொண்டே அவள் வாங்கிப் பையில் வைத்தாளே, அதுதான் இன்றுவரை எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அழகர் வீட்டுக்குப் போகப் புறப்பட்டாள். போகாதே என்றேன். கேட்கவில்லை. கூட வா என்று அவள் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. அந்த வீட்டு கேட் என் கடையிலிருந்து தெரியும். அவள் நின்றாள். உள்ளே விளக்கு எரிந்தது, டிவி சத்தம் கேட்டது. அழகரின் மனைவி ஜன்னலுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்தாள். ஷோபனா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"திறக்கலை" என்றாள்.

"தெரியுது."

இந்த வருஷம் மலர் வேண்டாம் என்று மன்றத்தில் முடிவாகிவிட்டது. ஷோபனா மெயின்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். சாப்பிட்டியா என்பாள், சாப்பிட்டேன் என்பேன். என்ன வேலை பார்க்கிறாள் என்று கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால் இப்போது, "மெயின்லாந்தில் கவர்மென்ட் வேலை" என்று மட்டும் சொல்கிறேன்.