மதகுப் பக்கத்து மூலை

சரிதாவுக்குக் கண்தான் சோறு போடுகிறது. சூளகிரி பக்கத்தில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கைக்கு வரும் பாகத்தில் நாலு மூலையையும் முதலில் பார்க்கணும், நடுப்பகுதி கடைசியில்தான். நடுவை எந்தக் கழுதையும் பார்க்கும், குறை ஒளிவது ஓரத்தில்தானே! இந்தப் பழக்கம் முற்றிப்போய், கல்யாண போட்டோவைக் கொடுத்தால்கூட ஓரத்தில் யார் கொட்டாவி விட்டார் என்றுதான் பார்ப்பாள்.

அவளுடைய பெரியப்பா காணாமல் போய் இருபத்தெட்டு வருஷம். கெலவரப்பள்ளி அணையில் சினிமா ஷூட்டிங் பார்க்கப் போனவர் திரும்பவே இல்லை. அன்றைக்குப் பூரா கெலமங்கலம் சந்தையில் தக்காளி விற்றதாக அப்பா திம்மராயன் இன்றைக்கும் சொல்கிறார். பெரியப்பா பங்கு நிலத்தையும் அவர்தான் உழுகிறார். பெரியம்மா நாராயணம்மா மட்டும், புருஷன் வருவார் என்று நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பாவம்.

போன ஞாயிறு மத்தியானம் அப்பா வீட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு அணையில் எடுத்த அந்தப் படத்தைப் போனில் போட்டாள் சரிதா. பெரிய பேர் வாங்கிய கொலைப் படமாம். தண்ணீரும் நிழலும் அப்படியொரு அழகு. கதையா? மண்ணாங்கட்டி. யார் கொன்றான், ஏன் கொன்றான் என்று எடுத்தவனுக்கே தெரியாது போல.

அணைக் காட்சி வந்தது. ஹீரோ நடுவில் நின்று சிகரெட் பிடிக்கிறான், பிடிக்கிறான், நாலு நிமிஷம் கேமரா அசையவே இல்லை. சரிதாவின் கண் மூலைக்குப் போனது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் விலகி மதகுக்குப் பின்னால் போகிறார்கள். ஒன்று, பெரியம்மா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் முகம். அவர் தோளில் கை போட்டிருப்பது அப்பா. சிகரெட் தீரும் நேரத்தில் அப்பா மட்டும் வேட்டியைப் பிழிந்துகொண்டே திரும்பி வருகிறார்.

அப்பாவிடம் காட்டினாள். அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"நடுவுல அவ்வளவு பெரிய ஹீரோ நிக்கறான். நீ எதுக்குக் கண்ணு மூலையைப் பாக்கறே?" என்று மெதுவாகக் கேட்டு, போனுக்குக் கை நீட்டினார்.

அந்நேரம் பார்த்து மோர்ச் சொம்போடு நாராயணம்மா உள்ளே வந்து, என்ன படம் என்றாள். சரிதா அந்தக் குங்குமத்தைப் பார்த்தாள், நீட்டிய கையையும் பார்த்தாள். பெரியம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தை நாலு நிமிஷம் பின்னால் தள்ளினாள்.

"நடுவுல பாக்காதீங்க பெரியம்மா," என்றாள்.