நீள மீசையும் குட்டை மீசையும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் வெட்டுக்கிளி பிடிக்கிற உத்தியோகத்தில் இருந்தார். வீட்டில் யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குக் கிருஷி இலாகாவில், அதாவது விவசாய இலாகாவில் வேலை, திருவனந்தபுரத்தில் படித்தவர், நெய்யாற்றின்கரையில் வாசம் என்றுதான் அப்பா சொன்னார். அப்பாவும் தாலுகா கச்சேரியில் குமஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்தான். பொன்னு தம்புரான், அதாவது மகாராஜா, கொடுக்கிற சம்பளம் என்றால் போதும், யானைக்குத் தீனி வைக்கிற வேலையானாலும் பூச்சிக்குப் பெயர் வைக்கிற வேலையானாலும் அவருக்கு ஒன்றுதான்.

எங்கள் வீடு குன்னத்துகாலில் ஒரு சரிவின் மேலே இருந்தது. கீழே எங்கள் வயல்கள். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பாவின் அக்காதான் வீட்டை நடத்தினாள். கச்சேரியில் அப்பாவுக்கு மேலே எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், வீட்டில் அத்தை ஒருத்திதான்.

அது ஆனி மாதம். காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் தம்முடைய தாய்மாமனோடு வந்தார். நான் முந்திரிக்கொத்துத் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது தலையை நிமிர்த்தக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. அதனால் நான் பார்த்தது அவருடைய பாதங்களைத்தான். சேறு. வேட்டி விளிம்பு முழுக்கப் புல்விதை. ரோட்டு வழி இருக்க, மாப்பிள்ளை வயல்வரப்பு வழியாக வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

நான் தட்டை வைத்துவிட்டு நிமிர்வதற்குள், வாழைத்தோப்புப் பக்கத்திலிருந்து ஒரு பச்சைக்குதிரை பறந்து வந்து குத்துவிளக்கின் தண்டில் உட்கார்ந்தது. எங்கள் பக்கத்தில் இலைப்பச்சை நிறத்தில், இலை போலவே இறகுள்ள அந்தப் பூச்சிக்கு அதுதான் பெயர். அது தானாக வீட்டுக்குள் வந்தால் ஐசுவரியம் வரும். மலையாளத்தில் பேசுகிறவர்களும் தமிழில் பேசுகிறவர்களும் சண்டை போடாமல் ஒத்துக்கொள்கிற விஷயம் அது. அதிலும் பெண் பார்க்கிற நேரத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம். அத்தை கையைக் கூப்பிவிட்டாள். மாப்பிள்ளையின் மாமனும் கூப்பினார். அப்பா, வழக்கு ஜெயித்த முகத்தோடு, எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார்.

மாப்பிள்ளை மட்டும் எழுந்தார். தோளில் கிடந்த துணிப்பையிலிருந்து வாயகன்ற ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். அடியில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ பூசியிருந்தது. ஓசைப்படாமல் நடந்து போய், குப்பியைக் கவிழ்த்து, மூடியை அடியில் செருகி மூடினார். பச்சைக்குதிரை காலை உதறியது. பிறகு உதறவில்லை.

அவர் குப்பியை வெளிச்சத்துக்குத் திருப்பி அப்பாவிடம் நீட்டினார்.

"இத எல்லாரும் வெட்டுக்கிளின்னு சொல்லுவாங்க. அல்ல. மீசையப் பாருங்க, உடம்பக் காட்டிலும் நீளம். இது வேற குடும்பமாக்கும்."

"செத்துப் போச்சா?" என்று அப்பா கேட்டார்.

"போச்சு. அதுக்கு ரொம்ப வேதன இருக்காது."

மாமன் தம் மேல்முண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மழை வலுக்கும் முன்பு போய்விடலாம் என்று சொன்னார். மழை அப்போது விட்டிருந்தது.

அன்று சாயங்காலமே அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அப்பா முடிவு செய்தார். வீடு தேடி வந்த ஐசுவரியத்தைக் குப்பியில் அடைத்துக் கொன்றவனுக்குப் பெண் கொடுப்பதா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். கதை பாறசாலை வரைக்கும் போயிற்று. பிறகு என்னைப் பார்க்க வருவதாக இருந்த ஒரு வீட்டார், இலட்சுமி செத்த வீடு என்று சொல்லி நின்றுவிட்டார்கள்.

நான் வருத்தப்பட்டேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதற்கு முன்பு என்னைப் பார்க்க வந்தவர்கள் மாட்டுச் சந்தையில் நிற்பதுபோல நின்று பார்த்தார்கள். ஒருவர் நடந்து காட்டச் சொன்னார். இவரோ என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அவர் குப்பியைத் தூக்கிப் பிடித்த அந்த நேரத்தில் நான் அத்தையின் உத்தரவை மீறி நிமிர்ந்து பார்த்திருந்தேன். ஒரு ஆண்பிள்ளையின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதுவரை நான் கண்டதில்லை. அது என்னைப் பார்த்து வந்த சந்தோஷம் இல்லை என்பது உண்மைதான்.

ஆடி கழிந்தது. முதல் போகமான கன்னிப்பூ நெல் கதிர்விடத் தொடங்கிய சமயத்தில் வயலில் பூச்சி விழுந்தது. முதலில் ஓரத்தில் இருந்த வயல். பிறகு நடுவில். வரப்பில் கால் வைத்தால் தண்ணீர் தெறிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் துள்ளின. நெல்லோலையைத் தின்று, நரம்பை மட்டும் விட்டுவைத்தன. கதிரின் கழுத்தையும் கடித்தன. அப்பா கோயிலில் வழிபாடு நடத்தினார். வேப்பிலைப் புகை போட்டார். புகையில் எங்களுக்குக் கண் எரிந்ததே தவிர அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் அந்தப் பச்சைக்குதிரையின் சாபம் என்று அப்பா சொல்லத் தொடங்கினார்.

கடைசியில் நெய்யாற்றின்கரைக்கு வில்வண்டியில் போனார். கிருஷி ஆபீசில், முன்பு தம் வீட்டுக்கு வந்த ஆள் வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். இந்தத் தாலுகாவுக்குப் பூச்சிக்கென்று ஒரே ஒரு ஆள்தான் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா திரும்பி வரும்போது வண்டியில் அவருக்குப் பக்கத்தில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று வண்டிக்காரன் அத்தையிடம் சொன்னான்.

அவர் நேரே வயலில் இறங்கினார். மத்தியானம் வரைக்கும் அவர் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிப்பது, கண்ணாடி வைத்துப் பார்ப்பது, விடுவது. அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். கண் எதிரே நெல் போய்க்கொண்டிருந்தது. பெயர் முடிவாகாமல் இலாகா எதையும் கொல்லாது போலிருக்கிறது என்று அப்பா பிறகு எங்களிடம் சொன்னார்.

ஒருவழியாக அவர் நிமிர்ந்து, இது படையாக வருகிற வெட்டுக்கிளி அல்ல என்று அறிவித்தார். அது எங்கேயோ மணற்காட்டில் பிறந்து, கூட்டம் சேர்ந்து, வானத்தை மறைத்துக்கொண்டு வரும். இதற்கு அந்தப் பெருமை எதுவும் கிடையாது. நம் வரப்பிலேயே முட்டையிட்டு, மழை விழுந்ததும் நம் வரப்பிலேயே பொரித்தது. சாதாரணப் புல்வெட்டுக்கிளி. நம்ம ஊர்க்காரன்.

"ஊருக்காரன் தின்னா நெல்லு கொறையாதா?" என்று அப்பா கேட்டார்.

அவர் யோசித்துவிட்டு, குறையும் என்று ஒத்துக்கொண்டார்.

மறுநாள் கோணிப்பைகளைத் தைத்து, வாயில் மூங்கிலை வளைத்துக் கட்டி, வேலைக்காரப் பெண்கள் இரண்டிரண்டு பேராக வயலைத் துழாவினார்கள். பைக்குள் மழை கொட்டுகிற மாதிரி ஓசை கேட்டது. அப்பா எறும்பைக்கூடக் கொல்லாத சைவர். அதனால் பை நகரும் நேரமெல்லாம் கிழக்கே பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பாவக் கணக்கில் அவருக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. பெண்கள் கூலிக்குச் செய்கிறார்கள், உத்தியோகஸ்தர் உத்தரவுக்குச் செய்கிறார், உத்தரவு தம்புரானுடையது, தம்புரானோ பத்மநாபசாமியின் தாசர். பாவம் அப்படியே படியேறித் திருவனந்தபுரம் போய்விட்டது. பிடிபட்டவற்றைப் பெண்கள் தங்கள் கோழிகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருஷம் ஊரில் நன்றாக இருந்தவை அந்தக் கோழிகள்தான்.

மத்தியானம் மோர் குடிக்க அவர் மேலே வீட்டு முற்றத்துக்கு வந்தார். பலாமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தது. அத்தையும் நானும் கதவுக்குப் பின்னால் நின்றோம். அப்பாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இதெல்லாம் நீர் அன்று செய்த காரியத்தின் பலன் என்று சொல்லிவிட்டார்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தப்பான கணக்கைக் கண்ட வாத்தியார்போல உற்சாகம்தான் வந்தது. பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்துத் திறந்தார். கற்பூர வாசனை கதவு வரைக்கும் வந்தது. உள்ளே எங்கள் பச்சைக்குதிரை இறகை விரித்தபடி ஊசியில் நின்றது. பக்கத்தில் எங்கள் வயல் வெட்டுக்கிளி.

"ரெண்டையும் பாருங்க. இதுக்கு மீச நீளம், அதுக்குக் குட்ட. இது ராத்திரி இறக உரசிப் பாடும். அது பகல்ல தின்னும். இது முன்னங்கால்ல காது உள்ள வகை. அதுக்குக் காது வயித்துல. ரெண்டுக்கும் ஒரு பந்தமும் கெடையாது. உங்க நெல்ல ஒரு ஓல கூட இது தொட்டிருக்காது."

அப்பா இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"அப்பம், ஒரு குத்தமும் செய்யாததயாக்கும் நீரு கொன்னது."

தாம் நிரூபித்தது என்ன என்பது அப்போதுதான் அவருக்கு எட்டியது. பெட்டியை மெல்ல மூடிவிட்டு, ஆமாம் என்றார். மோரைக் குடிக்காமல் வயலுக்கு இறங்கிப் போனார்.

அப்பா உள்ளே வந்து, இனி பேசுவதற்கு ஒன்றுமில்லை, குற்றவாளியே ஒத்துக்கொண்டுவிட்டான் என்றார். அத்தைதான் வழக்கைத் திரும்ப எடுத்தாள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது, ஆனால் அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்து சட்டம் படிந்திருந்தது.

"எலே, பச்சைக்குதிர வீட்டுக்குள்ள வந்துதா?"

"வந்துது."

"வந்தா ஐசுவரியம். அம்புட்டுத்தானே சொல்லியிருக்கு? அஞ்சக்காரன் மணி கெலுக்கிக்கிட்டு வந்து கடுதாசியத் தந்தாச்சு. பொறவு அவன் ஆத்துல விழுந்தா கடுதாசி இல்லன்னு ஆயிருமா?"

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. சட்டப்படி சரியாக இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சரியென்று சொல்லவும் மனமில்லை. அந்தச் சங்கடத்தில்தான், எங்கள் குடும்பத்தில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்ன மக்கா தோணுது?"

நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. கேட்டதும் வந்துவிட்டது.

"அவருக்கு எதிரான சாட்சிய அவரே பெட்டியில கொண்டுவந்து தெறந்து காட்டினாரு அப்பா. உங்க கச்சேரியில அப்படி ஒரு ஆளு உண்டா?"

அப்பா தம் உத்தியோக காலம் முழுவதையும் ஒருமுறை தேடிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, ஜோசியர் ஊரில் இருக்கிறாரா என்று அத்தையிடம் கேட்டார்.

அறுவடையில் பாதி நெல் தேறியது. கோணிப்பைதான் காப்பாற்றியது என்று அவர் சொன்னார். வழிபாடு என்று அப்பா சொன்னார். பக்கத்து வயல்காரர் ஒன்றும் செய்யாமல் இருந்தார், அவருக்கும் பாதிதான் தேறியது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தின் ஈரம் காய்வதற்குள் பூவாரில் தென்னைகளில் கொம்பன் செல்லி வண்டு விழுந்திருக்கிறது, உடனே போக வேண்டும் என்று அவருக்கு ஆள் வந்தது. வருகிறாயா என்று என்னைக் கேட்டார். வண்டியில் போய், ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் வள்ளம் ஏறினோம். நான் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் தென்னைகளின் உச்சியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மரம் ஏறியவர், வழக்கம்போலக் கம்பியால் குத்தாமல், குருத்துக்குள்ளிருந்து உயிரோடு ஒரு வண்டை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு, தலையில் ஒரு கொம்பு. என் கணவர் அதை என் உள்ளங்கையில் வைத்து, இது கடிக்காத வகை, பயமா என்று கேட்டார். முள்ளுக்கால்களால் அது என் விரல்களை விலக்கிக்கொண்டு வெளியே வரப் பார்த்தது.

"பயமில்ல," என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். குப்பியின் மூடியைத் திறக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால், அடுத்த வண்டை என் மற்றக் கையில் வைத்தார்.