இராஜினாமாவுக்குப் போர்த்திய பொன்னாடை

மண்டபத்தை விட்டு வெளியேறி இரண்டாவது சிக்னலையும் தாண்டிய பிறகுதான் என் இடுப்பில் இன்னும் ஏப்ரன் கட்டியிருப்பதைக் கண்டேன். ஆட்டிறைச்சிக் கறி தெறித்து அதில் காய்ந்திருந்தது. அவிழ்த்துச் சுருட்டி, பஸ் தரிப்பிடத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன்.

"அது அண்ணையின்ர ஏப்ரன்" என்றார் அக்கா.

"ஓம், தெரியும்" என்றேன்.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. நாங்கள் இருவரும் கனடாவின் ஸ்காபரோவில், விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் அந்தக் கேற்றரிங்கார அண்ணையிடம் வார இறுதிகளில் வேலை செய்தோம். அக்கா காய்கறி வெட்டுவார், நான் சட்டி தூக்குவேன். அன்றைக்கு அவர் பட்டுச்சேலை உடுத்து, அதன்மேல் தடித்த ஜாக்கெற் போட்டு, கீழே சப்பாத்துடன் நடந்துவந்தார். றிச்மண்ட் ஹில்லில் பேவியூ வீதியில் ஞாயிற்றுக்கிழமை நடந்து போகிறவர்கள் குறைவு. போகிற கார்களில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கோவிலுக்குப் போய்க் காரைத் தொலைத்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். ஸ்ரீல்ஸ் வீதி வரைக்கும் நடந்தால் கிழக்கே போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். காற்று முகத்தில் அறைந்தது. எனக்கு அது பழக்கம். பொஸ்னியாவில் ஒரு காட்டையும், இத்தாலியில் ஒரு ரயில் நிலையத்தையும், பிறகு இலண்டனில் ஏழு பேர் படுத்த ஓர் அறையையும் கடந்து வந்த கால்கள் இவை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நடை நிற்கவில்லை.

"என்ர கையாலதான் போர்த்தினன் தம்பி" என்றார் அக்கா. அதையே அவர் மூன்றாம் முறை சொல்லுகிறார்.

அவர் கையால் போர்த்தியது ஒரு பொன்னாடை. போர்த்தப்பட்டவர் இலண்டனிலிருந்து வந்த எங்கள் ஆள் ஒருவர். அங்கே அகதிகளைத் தங்கவைக்கும் வீடுகளைப் பற்றி முறைப்பாடு கேட்கும் ஒரு சபை இருக்கிறது. அரசாங்கம் அதற்கு இவரைத் தலைவராக நியமித்திருந்தது. தமிழர் ஒருவர் அந்தக் கதிரையில் இருப்பது இதுவே முதல் தடவை. செய்தி வந்ததும் இங்கே எங்கள் தமிழர் சங்கம் கூடி விழா எடுக்கத் தீர்மானித்தது. எங்கள் ஆட்களின் வழக்கம் அது. ஒருவர் பதவியில் என்ன செய்தார் என்று பார்த்துப் பாராட்ட எங்களுக்குப் பொறுமை இல்லை. பதவி கிடைத்த அன்றே மண்டபம் பிடித்துவிடுவோம்.

அக்காவின் சந்தோஷத்துக்கு வேறு காரணம் இருந்தது. அவருடைய தம்பி இங்கிலாந்தில் அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறான். மேல்மாடிக் குழாய் ஒழுகி, அவன் அறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். சிறுவயதிலேயே மூச்சிழுப்பு உள்ளவன். இப்போது வாய்க்குள் மருந்தடிக்கும் பம்ப் இல்லாமல் படியேற முடியாது. வீட்டைப் பார்க்கும் கம்பனி சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டுப் போனது. பூஞ்சணம் வெள்ளையைத் தின்றுகொண்டு வெளியே வந்தது. அந்தச் சபைக்கு முறைப்பாடு போனது. அப்போதிருந்த தலைவர் ஏதோ ஓர் அறிக்கையின் பிறகு முழுப் பொறுப்பையும் ஏற்று விலகினார். அடுத்தவரை நியமித்த அமைச்சர் தானே விலக, அவரோடு அந்தத் தலைவரும் போனார். ஒவ்வொரு முறையும், புதிய தலைமையின் கீழ் நடைமுறைகள் மீளாய்வு செய்யப்படுகின்றன என்று பதில் வரும். அப்படியென்றால், வரிசையின் கடைசிக்குப் போ என்று அர்த்தம். குளிர்காலம் மட்டும் மீளாய்வு இல்லாமல் நேரத்துக்கு வந்தது.

"இப்ப எங்கட ஆள் இருக்கிறார். நேர பாத்துச் சொன்னா ஒரு சொல்லில முடியும்" என்று அக்கா குசினியில் எல்லோரிடமும் சொன்னார். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. இலண்டனில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் விடியற்காலைகளில் துப்புரவு வேலை செய்தேன். பெரியவர்களின் அறைக் கதவுகளில் பெயர்ப் பட்டிகள் ஒட்டியிருக்கும். ஆள் விலகினால் யாரோ பட்டியைப் பிய்த்துவிடுவார்கள். மிஞ்சிய பசையைச் சுரண்டுவது என் வேலை. நான் அங்கே இருந்த காலத்தில் சில கதவுகளில் பசை காயவே இல்லை. தொலைக்காட்சியில் ஒருவர் வாசலில் நின்று, முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன் என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போவார். ஏற்ற பொறுப்பை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று யாரும் கேட்டதில்லை. பனி கரைய முன்னரே இரண்டு மாடி மேலே வேறொரு கதவில் அதே பெயரைத் துடைத்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் வேலை செய்த ஒரு ஆபிரிக்கக்காரன், இவர்களுக்கு விலகுவது என்றால் இடம் மாறிப் படுப்பது போல என்பான். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

விழாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை காலையில் நாங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் கேற்றரிங்கார அண்ணைதான் சங்கத்துக்கும் தலைவர். தொலைபேசியைப் பார்த்தபடி உள்ளே வந்தார்.

"ஆள் விட்டிட்டாராம்" என்றார்.

"எதை அண்ணை?"

"பதவியை. நேற்று இராஜினாமாக் கடிதம் குடுத்திட்டாராம். ஆனா ஆள் பிளேன் ஏறிட்டார், வாறார்."

குசினியில் இருந்த பெடியன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப விழா இல்லைத்தானே?" என்று நான் கேட்டேன்.

"ஆர் சொன்னது? ஆடு வெட்டியாச்சு, மண்டபம் எடுத்தாச்சு, எம்.பி.யும் வாறன் எண்டிட்டார். கண்டறியாத கதை கதைக்காதை. பதவியை எடுக்கிறதை விட விடுறதுக்குத்தானடா நெஞ்சு வேணும். அதைப் பாராட்டுவம்."

அப்படித்தான் தீர்மானமானது. மண்டபத்தில் தொங்கவிட வைத்திருந்த பெரிய பதாகையில் 'தலைவராக நியமனம் பெற்ற எம் மண்ணின் மைந்தருக்கு' என்று இருந்தது. அண்ணை தடித்த தாளில் ஒரு பட்டி அச்சடித்து வந்தார். ஞாயிறு காலை ஏணியில் ஏறி, 'நியமனம் பெற்ற' என்ற சொற்களுக்கு மேல் 'பதவி துறந்த' என்ற பட்டியை ஒட்டியவன் நான்தான். ஒட்டும்போது நான் இலண்டனை விட்டு வரவேயில்லை போல இருந்தது.

ஏன் விலகினார் என்று பலவிதமாகக் கதைத்தார்கள். அமைச்சர் மாறிவிட்டார், புதியவர் தன் ஆளைப் போட முன்னர் இவரே முந்திக்கொண்டார் என்றது ஒரு கதை. இதைவிடப் பெரிய சபையொன்றில் இடம் ஒழுங்காகிவிட்டது என்றது இன்னொரு கதை. மேடையில் அது கொள்கை ஆனது. "பதவி எனக்குத் துச்சம். மனச்சாட்சிதான் எனக்குப் பெரிசு" என்றார் அவர். நல்ல கோட், நல்ல குரல். சனம் எழுந்து நின்று கைதட்டியது. பதாகையின் பட்டி ஒரு பக்கத்தால் கழன்று தொங்கி, நியமனம் என்ற சொல் பாதி தெரிந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பொன்னாடை போர்த்துவதற்கு, அகதிக் குடும்பங்களின் சார்பில் என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். அது அண்ணையின் ஏற்பாடு. போர்த்தினால் ஆளோடு கதைக்க ஒரு சந்தர்ப்பம் எடுத்துத் தருகிறேன் என்று அவர் முதல் வாரமே சொல்லியிருந்தார். ஆள் பதவியை விட்ட பிறகும் அக்கா பின்வாங்கவில்லை. விட்டாலும் உள்ளுக்கு ஆட்களைத் தெரியும்தானே என்று என்னிடம் சொன்னார். கமரா வெளிச்சத்தில் அவர் அந்தச் சரிகைத் துணியை விரித்துப் போர்த்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். படம் பிடித்தவன், "அன்ரி, இங்கால பாருங்கோ" என்றான். அதோடு அவரை இறக்கிவிட்டார்கள். அண்ணை சொன்ன சந்தர்ப்பம் அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரம் அக்கா பட்டுச்சேலைக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்து, பெரியவர்களின் மேசைக்கு நானே பரிமாறுகிறேன் என்றார். நான் சோற்றுத் தட்டோடு பின்னால் நின்றேன். அதனால் எல்லாம் கேட்டேன்.

"ஐயா, என்ர தம்பியின்ர முறைப்பாடு உங்கட சபைக்குத்தான் வந்தது. சுவரெல்லாம் பூஞ்சணம். அவனுக்கு மூச்சு ஏலாது. நீங்கள் அதைப் பாத்தனீங்களே?"

அவர் நிமிர்ந்து சிரித்தார். மேடையில் சிரித்த அதே சிரிப்பு. "அம்மா, நான் இப்ப அந்தப் பதவியில இல்லை."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தீங்கள்தானே?"

"இருந்தனான். ஆனா எனக்கு பிரீஃபிங்குக்கே நேரம் காணேல்லை. ஃபைல்களுக்குள்ள போகேல்லை."

"அப்ப ஆரிட்டக் கேக்கிறது?"

"புதுசா வாறவரிட்டக் கேளுங்கோ."

"ஆர் அவர்?"

"இன்னும் நியமிக்கேல்லை."

"உங்களுக்கு முந்தி இருந்தவர்?"

"அவர் இப்ப வேற ஒரு சபையில சேர்மன். பிசியான மனுசன்." பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளினார். "நல்ல கறி. எலும்பில்லாமல் இன்னும் கொஞ்சம் வையுங்கோ."

அக்கா எலும்பில்லாமல் பார்த்து வைத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையில் கரண்டி இருந்தது, கேட்டார்கள், வைத்தார். நான் சோற்றுத் தட்டை அந்த மேசையின் நடுவில், அவருடைய கைத்தொலைபேசியின்மேல், வைத்துவிட்டு, "வாங்கோ அக்கா, போவம்" என்றேன்.

குசினி வாசலில் அண்ணை பிடித்துக்கொண்டார். "எங்கை போறாய்? இன்னும் வட்டிலப்பம் வைக்கேல்லை."

"நீங்கள் வையுங்கோ."

"என்னடா, நீயும் கொள்கைக்காக விலகிறியோ?" என்றார். பெடியன்கள் விழுந்து சிரித்தார்கள். "இப்ப போனா உனக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை, சொல்லிப்போட்டன். எனக்கு ஆள் எடுக்க எவ்வளவு நேரம்?"

"பொன்னாடை மிஞ்சியிருந்தா எனக்கும் ஒண்டு போர்த்துங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு ஜாக்கெற்றை எடுத்தேன். அவர் சொன்னது பொய்யல்ல. அடுத்த சனிக்கிழமைக்குள் இன்னொருவன் என் இடத்தில் தூக்குவான். ஆனால் நான் விட்டுவந்த இடத்தால் எவனுக்கும் மூச்சு நிற்காது.

ஸ்ரீல்ஸில் பஸ்ஸுக்கு நின்றபோது அக்காவின் தொலைபேசி அடித்தது. தம்பி. அங்கே நேரமாகியும் படுக்காமல் காத்திருந்திருக்கிறான். அக்கா சத்தத்தைக் கூட்டிப் பிடித்தார். முதலில் இருமல்தான் கேட்டது.

"அக்கா, ஆள் என்ன சொன்னவர்?"

அக்கா வீதியைப் பார்த்தார். "அவர் சாப்பிட்டவர்" என்றார்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. நீ உடுப்புகளை எடுத்து ஒரு பாக்கில வை. நான் வாறன்."

"இஞ்சையோ? விசரே உங்களுக்கு? வீட்டை விட்டு வெளிக்கிட்டா உதவியை நிப்பாட்டிப் போடுவாங்கள். முறைப்பாடும் போயிடும்."

"முறைப்பாடு எங்கடா இருக்கு, போறதுக்கு? ஹரோவில சித்தியின்ர மகளிட்ட ஒரு காய்ஞ்ச அறை இருக்கு. முதல் அங்க போ. கேஸ் கதையைப் பிறகு லோயரோட கதைப்பம். வாறவன் போறவன் எல்லாரையும் பாத்துக்கொண்டு நிண்டது காணும்."

அவன் ஏதோ சொல்ல வந்து மறுபடி இருமினான். நீண்ட இருமல். பஸ் வந்து கதவைத் திறந்தது.

பஸ்ஸிலேயே அக்கா மறுநாள் பின்னேர இலண்டன் விமானத்துக்குத் தொலைபேசியில் ரிக்கெற் எடுத்தார். ஒரு இடைஞ்சல்தான் இருந்தது. வார நாட்களில் அக்கா மில்லிக்கனில் ஒரு ரேக்-அவுட் கடையில் காலை வேலை. ரோல்ஸ், பற்றிஸ், கொத்து எல்லாம் அங்கே உண்டு. கடைக்கார அன்ரியிடம் பதிலுக்கு ஆளில்லாமல் லீவு கேட்டால், திரும்பி வரும்போது வேலை இருக்காது. இங்கே அந்த வேலையும் போனால் தம்பிக்குக் காசு அனுப்பிப் பார்க்க முடியாது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை.

"எத்தினை மணிக்குத் திறப்பினம்?" என்றேன்.

அடுத்தநாள் விடியப் போனேன். பின்கதவைத் தட்ட, தலையில் வலை போட்ட அன்ரி எட்டிப் பார்த்தார்.

"ஆர் நீர்?"

"அக்கா வருமட்டும் அவவுக்குப் பதிலா நான்."

"ரோல்ஸ் சுத்துவீரோ?"

"இல்லை அன்ரி."

"கொத்துப் போடுவீரோ?"

"இல்லை."

"பின்னை என்னத்துக்கு வந்தனீர்? கிழங்கெண்டாலும் உரிப்பீரோ?"

"உரிப்பன்."

அவர் கதவை முழுதாகத் திறந்து, மூலையில் இருந்த மூட்டைகளைக் கண்ணால் காட்டினார். "அப்ப ஏன் நிண்டு கதைக்கிறீர்? சப்பாத்தைத் துடைச்சுப்போட்டு வாரும்."

நான் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.