மழை நாள் சர்க்கரை

ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பால்வெட்டு வேலை. விடியுமுன்னே தொடங்கி மரம் மரமாக நடக்கணும். சர்க்கரை வியாதிக்குத் தினமும் இன்சுலின் போடுகிறேன்.

பனச்சமூட்டில் நான் பார்க்கும் டாக்டரம்மா புதிதாக ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்திருந்தார். நான் ஃபோனில் பதியும் சர்க்கரை அளவைப் படித்து, எனக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று அது சொல்லும். என் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சல்தான்.

மழை தொடங்கிய பிறகு போனபோது, இன்சுலினைக் கூட்டச் சொன்னது கம்ப்யூட்டர். டாக்டரம்மா உடனே எழுதவில்லை. சர்க்கரை ஏறிய நாள்களை அது சிவப்பில் காட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சேச்சி, இந்த நாளெல்லாம் வெட்டுக்குப் போனியளா?”

“இல்ல டாக்டரே, மழையாக்கும். மரம் நனைஞ்சா வெட்ட முடியாதே.”

“அதாக்கும் காரியம். எங்க வீட்டுக்கும் ரப்பர் தோட்டம் உண்டு, அதான் கேட்டேன். நடக்காத அன்னைக்குத்தான் ஏறுது. இது சொல்லுறபடி கூட்டினா, வெயில் அடிக்கிற அன்னைக்கு நடந்து நடந்து சர்க்கரை ரொம்ப தாழ்ந்து, தோட்டத்துல மயங்கி விழுந்திருவிய.”

விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. தோட்டத்தில் நான் தனியாள்.

வெட்டு நாளுக்கு ஒரு அளவு, மழை நாளுக்கு ஒரு அளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் சர்க்கரை ஏறிய நாள்களைப் பொறுக்கி எடுத்தது அதுதான். இத்தனை வருஷத்தில் நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

இப்போது சர்க்கரை அடங்கியிருக்கிறது. காலையில் ஃபோன் கேட்கும், ‘இன்று வெட்டு உண்டா?’ டாக்டரம்மா அன்று கேட்ட அதே கேள்வி. கதவைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறேன்.